மானிட்டரிங் டூல்ல பேர் வராம வெறும் ஐபி நம்பர் மட்டும் வருதா? ஹோஸ்ட்நேம் சிக்கலை எங்கேர்ந்து பிடிக்கணும்

புதுசா ஒரு நெட்வொர்க் மானிட்டரிங் டூலை போட்டு ஓட விட்டதும் ரெண்டு பிரச்சனைல ஏதாவது ஒண்ணு வந்து நிக்கும். ஒண்ணு, டாஷ்போர்டு முழுக்க 192.168.1.20, 192.168.1.37ன்னு வெறும் நம்பரா இருக்கும், எது பிரிண்டர் எது சர்வர்னே புரியாது. இல்லைன்னா நீங்க பேர் குடுத்து சேர்த்த சர்வர் சிவப்பு கலர்ல நிக்கும், ஹோஸ்ட்நேமை, அதாவது மெஷினோட பேரை, ரிசால்வ் பண்ண முடியலன்னு எரர் வரும், ஆனா அதே பேரை உங்க லேப்டாப்ல பிங் பண்ணா பதில் ஒழுங்கா வரும். உடனே டூல்ல ஏதோ பக் இருக்குன்னுதான் தோணும். நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் டூல் மேல தப்பு இருக்காது, அது யார்கிட்ட போய் கேட்டுச்சோ அவங்க சொன்ன பதிலை அப்படியே காட்டுது, அவ்ளோதான். அதனால நாம கண்டுபிடிக்க வேண்டியது, டூல் யார்கிட்ட கேக்குது, எங்க உக்காந்து கேக்குதுன்னுதான்.

முதல்ல அடிப்படை. மெஷின்கள் ஒண்ணோட ஒண்ணு பேசுறது ஐபி நம்பர் வச்சுத்தான், பேர்ங்கறது நம்ம வசதிக்கு. அந்த பேருக்கு என்ன நம்பர்னு தேடி எடுக்கறதைத்தான் ரிசால்வ் பண்றதுன்னு சொல்றோம். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட் காலத்துல இதுக்கு ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான் இருந்துச்சு, ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்ல வச்சு பராமரிச்சாங்க, எல்லா மெஷினும் அந்த ஃபைலை அங்கேர்ந்து இறக்கிக்கணும். மெஷின்கள் கூடக்கூட அது கட்டுப்படியாகல, 1983ல பால் மொக்கபெட்ரிஸ், பேருக்கு நம்பர் சொல்ற சர்வர்களோட அமைப்பான டிஎன்எஸ்ஸை வடிவமைச்சாரு, இன்னைக்கும் நாம நம்பி இருக்கற விதிகள் 1987ல வெளிவந்த ஆர்எஃப்சி 1034, 1035ங்கற ஆவணங்கள்ல இருக்கு. பழைய கதைன்னு விட்டுடாதீங்க, அந்த டெக்ஸ்ட் ஃபைலோட வாரிசு உங்க மெஷின்ல இன்னும் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ங்கற பேர்ல உயிரோட இருக்கு, லினக்ஸ்ல சாதாரணமா முதல்ல அதைத்தான் பாக்கும், அதுல இல்லைன்னாதான் டிஎன்எஸ் சர்வர்கிட்ட போகும். இந்த வரிசையை மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

இன்னொண்ணு, புதுசா வர்றவங்க ரொம்ப குழம்புற இடம் இது: ரிசால்வ் பண்றதுல ரெண்டு திசை இருக்கு. பேரைக் குடுத்து நம்பர் வாங்கறது ஒரு திசை, இதை ஃபார்வர்டுன்னு சொல்வாங்க, இதுக்கு டிஎன்எஸ்ல எழுதி வைக்கற குறிப்பு ஏ ரெக்கார்டு, புது வகை நீளமான ஐபி நம்பரான ஐபிவி6னா குவாட் ஏ ரெக்கார்டு. நம்பரைக் குடுத்து பேர் வாங்கறது எதிர் திசை, அது ரிவர்ஸ், அதுக்கு பிடிஆர்னு தனி ரெக்கார்டு. ரெண்டும் வேற வேற இடத்துல எழுதி வச்ச வேற வேற விஷயம், ஒண்ணு இருக்குங்கறதுனால இன்னொண்ணு தானா வந்துடாது. ரிவர்ஸ்ல நம்பரை திருப்பிப் போட்டு கேப்பாங்க, 192.168.1.20ன்னா 20.1.168.192ன்னு எழுதி பின்னாடி இன்-ஆட்ர் டாட் ஆர்பா (in-addr.arpa)ன்னு ஒட்டி அதையே ஒரு பேர் மாதிரி டிஎன்எஸ்கிட்ட கேக்கறது. அந்த ரெக்கார்டை யாரும் எழுதலைன்னா பதில் வராது. டாஷ்போர்டுல வெறும் நம்பர் வருதுன்னா ரிவர்ஸ் பிரச்சனை, பேர் குடுத்து சேர்த்த மெஷின் சிவப்பா நிக்குதுன்னா ஃபார்வர்டு பிரச்சனை. இதைப் பிரிக்காம தேட ஆரம்பிச்சா நாள் முழுக்க சுத்திக்கிட்டே இருப்பீங்க.

வெறும் நம்பர் வர்ற கேஸை முதல்ல எடுத்துக்கலாம். 10ல ஆரம்பிக்கறது, 172.16லேர்ந்து 172.31 வரைக்கும், அப்புறம் 192.168ல ஆரம்பிக்கறது, இதெல்லாம் ப்ரைவேட் ஐபி, உலகத்துல எல்லா உள் நெட்வொர்க்லயும் இதே நம்பர்கள்தான் சுத்திக்கிட்டு இருக்கு. இப்ப டூல் ஓடற மெஷின்ல டிஎன்எஸ் சர்வரா கூகுளோட 8.8.8.8ஓ க்ளவுட்ஃப்ளேரோட 1.1.1.1ஓ போட்டு வச்சிருக்கீங்கன்னு வைங்க, டூல் அங்க போய் 192.168.1.20 யாருன்னு கேட்டா அதுக்கு எப்படி தெரியும்? உங்க உள்ள இருக்கற 20 உங்க ரவுட்டருக்கோ உங்க டிஎன்எஸ் சர்வருக்கோ மட்டும்தான் தெரியும். ஆகவே டூல் இருக்கற மெஷின்ல உள்ளூர் டிஎன்எஸ் சர்வரோட ஐபியை குடுங்க, சின்ன நெட்வொர்க்னா பெரும்பாலும் ரவுட்டர்தான் அது, டிஎச்சிபில, அதாவது ரவுட்டர் தானா ஐபி குடுக்கற முறைல, ஐபி வாங்கும்போது மெஷின் சொல்ற பேரை நிறைய ரவுட்டர் ஞாபகம் வச்சுக்கும். பெரிய நெட்வொர்க்னா டிஎன்எஸ் சர்வர்ல எதிர் திசை ரெக்கார்டுகளுக்கு ரிவர்ஸ் ஜோன்னு ஒரு பகுதியை தனியா உருவாக்கி பிடிஆர் ரெக்கார்டு எழுதணும், நிறைய பேர் ஃபார்வர்டு ஜோனை மட்டும் அழகா வச்சுட்டு இதை மறந்துடறாங்க. ரெண்டு மூணு மெஷின்தான்னா டூல் சர்வரோட ஹோஸ்ட்ஸ் ஃபைல்லயே வரி சேர்த்துடுங்க, அது ரெண்டு திசைக்கும் வேலை செய்யும், ஆனா ஐபி மாறினா நீங்கதான் ஞாபகமா மாத்தணும்.

கடைசில டாட் லோக்கல்னு முடியற பேர்கள் தனி ரகம், அது டிஎன்எஸ் சர்வர்கிட்டயே போகாது, எம்டிஎன்எஸ்னு பேரு, போர்ட் 5353ல 224.0.0.251க்கு யாருப்பா இந்த பேர்ல இருக்கறதுன்னு கூவி கேக்கும், அந்த மெஷினே பதில் சொல்லும். இந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது, அதனால டூல் வேற சப்நெட்ல, அதாவது ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கற நெட்வொர்க் பகுதில, இருந்தா வேலை செய்யாது. பிரிண்டர் பேர் எல்லாம் டூல்ல வரவே மாட்டேங்குதுன்னா இதையும் ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

டூலோட செட்டிங்கையும் பாத்துடுங்க. நெட்வொர்க் பாக்கெட்டுகளை பிடிச்சுக் காட்டற வயர்ஷார்க்ல ஐபிக்கு பேர் தேடறது சும்மா இன்ஸ்டால் பண்ணா ஆஃப்லதான் இருக்கும், ப்ரிஃபரன்ஸ்ல நேம் ரெசல்யூஷன்ங்கற இடத்துல போய் நீங்கதான் ஆன் பண்ணணும். அதே வேலையை கமாண்ட் லைன்ல செய்யற டிசிபிடம்ப் இதுக்கு நேர்மாறு, தானாவே பேர் தேடும், வேண்டாம்னா மைனஸ் என் போடணும். இதை ஏன் ஆஃப்ல வைக்கறாங்கன்னா, ஒவ்வொரு ஐபிக்கும் பேர் கேட்டு டிஎன்எஸ் பாக்கெட் போகும், அந்த பாக்கெட்டும் நீங்க பிடிச்சுக்கிட்டு இருக்கற கேப்சர்லயே வந்து விழும், நீங்க ஆராயற டிராஃபிக்ல உங்க டூலோட சத்தமும் கலந்துடும். டிராஃபிக் நிறைய இருக்கற சர்வர்னா அந்த டிஎன்எஸ் சர்வருக்கும் பாரம். என்டாப்என்ஜி மாதிரி டூல்கள்ல உள்ளூர் ஐபிக்கு மட்டும் பேர் தேடு, வெளி ஐபியை விட்டுடுன்னு சொல்ல வழி இருக்கு, எனக்கு அந்த அமைப்புதான் பிடிக்கும்.

வெளி ஐபிக்கு பேர் தேடினாலும் கிடைக்கறது நீங்க எதிர்பாக்கற பேரா இருக்காதுங்கறது இன்னொரு காரணம். ஒரே ஐபில ஆயிரக்கணக்குல வெப்சைட் ஓடும், ரிவர்ஸ்ல கேட்டா அந்த ஐபியை வச்சிருக்கற நிறுவனம் தன் சர்வருக்கு வச்ச பேர்தான் வரும், நம்பரும் எழுத்துமா ஒரு நீளமான சரம், பயனர் போன சைட்டோட பேர் அதுல இருக்காது. அதனால நல்ல டூல்கள் இன்னொரு வேலை செய்யுது, போற வர்ற டிஎன்எஸ் பதில்களையே படிச்சு இந்த பேருக்கு இந்த ஐபி குடுத்தாங்கன்னு குறிச்சு வச்சுக்கும், பாதுகாப்பான வெப்சைட்டுகள் பயன்படுத்தற டிஎல்எஸ் இணைப்போட முதல் மெசேஜ்ல வர்ற சர்வர் பேரையும் எடுத்துக்கும். பிரவுசர் டிஎன்எஸ்ஸை எச்டிடிபிஎஸ் உள்ள வச்சு அனுப்பினா முதல் வழி அடைஞ்சு போயிடும். நேத்து வரைக்கும் பேர் வந்துச்சு, இன்னைக்கு வரல, நெட்வொர்க்ல எதுவும் மாத்தலன்னா பிரவுசர் அப்டேட் ஆச்சான்னும் பாருங்க.

சரி, இப்ப ரெண்டாவது கேஸ், பேர் குடுத்து சேர்த்த மெஷின் ரிசால்வ் ஆகல. இங்கதான் எல்லாரும் ஒரே தப்பை பண்றோம், நம்ம லேப்டாப்ல டெஸ்ட் பண்றோம். லேப்டாப்ல வேலை செஞ்சா லேப்டாப்போட டிஎன்எஸ் நல்லா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். டூல் ஓடறது வேற ஒரு சர்வர்ல, அதுக்கு வேற டிஎன்எஸ் செட்டிங், வேற ஃபயர்வால் ரூல். டூல் கன்டெய்னர்ல, அதாவது சர்வருக்குள்ளயே தனியா பிரிச்சு வச்ச ஒரு சூழல்ல, ஓடுதுன்னா சர்வர்ல டெஸ்ட் பண்றதும் போதாது, கன்டெய்னருக்குள்ள தனி ஹோஸ்ட்ஸ் ஃபைல், எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேக்கணும்னு சொல்ற தனி ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைல் இருக்கும், கன்டெய்னரை ஓட்டற டாக்கர்ல நீங்களா உருவாக்கின நெட்வொர்க்னா உள்ள 127.0.0.11ன்னு அதுவே ஒரு டிஎன்எஸ் சர்வர் வச்சிருக்கும், நீங்க சர்வரோட ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல எழுதினது அங்க தெரியவே தெரியாது. ஜாபிக்ஸ்ங்கற மானிட்டரிங் டூல்ல ப்ராக்ஸி, அதாவது மெயின் சர்வருக்கு பதிலா செக் பண்ற மெஷின், வழியா மானிட்டர் பண்றீங்கன்னா பேரைத் தேடறது அந்த ப்ராக்ஸி மெஷின், மெயின் சர்வர் இல்ல. ஆக செக் எந்த மெஷின்ல ஓடுதோ அங்க, கன்டெய்னர்னா அதுக்குள்ள போய், டூல் எந்த யூசர்ல ஓடுதோ அதே யூசரா கேளுங்க.

யூசர்னு சொல்றது சும்மா இல்ல. ஒரு தடவை ஒரு சர்வர்ல ரூட்டா, அதாவது எல்லா அனுமதியும் உள்ள அட்மின் யூசரா, உள்ள போய் டெஸ்ட் பண்ணா எல்லா பேரும் ரிசால்வ் ஆகுது, டூல்ல மட்டும் நாலே நாலு பேர் சிவப்பு. ராத்திரி ரொம்ப நேரம் டூலோட கான்ஃபிக்கையே மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசில பாத்தா அந்த நாலு பேரும் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல மட்டும் இருக்கற பேர்கள், யாரோ எடிட் பண்ணி சேவ் பண்ணும்போது அந்த ஃபைலோட பர்மிஷன் 600 ஆயிருக்கு, ரூட் மட்டும்தான் படிக்க முடியும். டூல் ஓடற யூசரால ஃபைலை திறக்க முடியல, சிஸ்டம் எந்த எரரும் சொல்லாம அடுத்து டிஎன்எஸ்கிட்ட போயிடுச்சு, அங்க அந்த பேரே இல்ல. எல்லாரும் படிக்கற மாதிரி 644ன்னு மாத்தினதும் எல்லாம் பச்சை. அன்னைலேர்ந்து சூடோ மைனஸ் யூ போட்டு டூலோட யூசரா கேக்காம நான் எதையும் நம்பறதில்ல.

எந்த கமாண்டால கேக்கறோம்ங்கறதும் முக்கியம். டிக், என்எஸ்லுக்அப் ரெண்டும் நேரா டிஎன்எஸ் சர்வர்கிட்ட போய் கேக்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலை எட்டிக்கூட பாக்காது. டூலோ சிஸ்டத்தோட ரிசால்வரைத்தான் கேக்குது, அது என்எஸ்ஸ்விட்ச் டாட் கான்ஃப் ஃபைல்ல இருக்கற வரிசைப்படி ஹோஸ்ட்ஸ் ஃபைல், அப்புறம் டிஎன்எஸ்னு போகும். அந்த வழியிலயே கேக்கணும்னா லினக்ஸ்ல கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்னு போட்டு பேரைக் குடுங்க. டிக்ல பதில் வந்து கெட்என்ட்ல வரலைன்னா கோளாறு உங்க மெஷினுக்குள்ள இருக்கு. கெட்என்ட்ல வந்து டிக்ல வரலைன்னா பெரும்பாலும் ஹோஸ்ட்ஸ் ஃபைல்லேர்ந்து பதில் வருதுன்னு அர்த்தம், அது பழைய ஐபியா இருக்கலாம், கவனம். ரெண்டுலயும் வரலைன்னா டிஎன்எஸ் பக்கம் போங்க. இந்த ஒரு ஒப்பீடு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது, தேட வேண்டிய இடம் பாதியா குறைஞ்சுடும். கெட்என்ட்ல ஐபிவி6 அட்ரஸ் முதல்ல வருதான்னும் பாத்துக்கோங்க, பேர் ரிசால்வ் ஆகியும் டூல் அந்த ஐபிவி6க்கு போக வழியில்லாம டவுன்னு காட்டும், நாம பேரையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருப்போம்.

டிக் தர்ற பதில்ல ஸ்டேட்டஸ்னு ஒரு வார்த்தை வரும், அதை கட்டாயம் படிங்க, ஏன்னா ரிசால்வ் ஆகலங்கறது ஒரே வியாதி இல்ல. என்எக்ஸ்டொமைன்னா அந்தப் பேரே இல்லன்னு சர்வர் தெளிவா சொல்லுது, எழுத்துப்பிழை, மறந்த ரெக்கார்டு, இல்லைன்னா உள் பேரை வெளி டிஎன்எஸ்கிட்ட கேட்டிருக்கீங்க. சர்வ்ஃபெயில்னா சர்வர் தேடிப் பாத்துச்சு, அதால முடிக்க முடியல, அதுக்கு மேல இருக்கற சர்வர்லயோ பதில் உண்மைதானான்னு சரிபாக்கற டிஎன்எஸ்செக் கையெழுத்துலயோ கோளாறு இருக்கலாம். ரெஃப்யூஸ்டுனா உனக்கு பதில் சொல்ல மாட்டேன்னு சொல்லுது, பெரும்பாலும் டூல் சர்வரோட ஐபி அங்க அனுமதி பட்டியல்ல இருக்காது. ஸ்டேட்டஸ் நோஎரர்னு வந்து ஆனா பதில் பகுதி காலியா இருந்தா, பேர் இருக்கு, நீங்க கேட்ட வகை ரெக்கார்டு இல்ல. எந்த பதிலும் வராம டைம்அவுட் ஆச்சுன்னா பெரும்பாலும் பாக்கெட் போய்ச் சேரல, போர்ட் 53 ஃபயர்வால்ல அடைபட்டிருக்கா பாருங்க, டிஎன்எஸ் போற ரெண்டு வழில யூடிபியை மட்டும் திறந்து டிசிபியை மூடி வச்சிருக்கற இடங்கள் நிறைய, சின்ன பதில் எல்லாம் வரும், பெரிய பதில்னா டிசிபிக்கு மாறும்போது மாட்டிக்கும்.

சின்ன பேர் விவகாரம் ஒண்ணு இருக்கு. டிபி2ன்னு மட்டும் அடிச்சா உங்க லேப்டாப்ல வேலை செய்யும், ஏன்னா அங்க சர்ச் டொமைன்னு ஒண்ணு செட் ஆகியிருக்கும், சிஸ்டமே பின்னாடி முழு டொமைனை ஒட்டிக்கும். டூல் சர்வர்ல அந்த சர்ச் வரி இல்லைன்னா டிபி2ங்கறது ஒண்ணுமே இல்ல. டூல்ல எப்பவும் முழுப் பேரையே குடுங்க. நாகியோஸ் மானிட்டரிங் டூல் வச்சிருக்கறவங்க இதையும் கவனிக்கணும், ஹோஸ்ட்டை எழுதும்போது அட்ரஸ் வரியை விட்டுட்டா நீங்க அடையாளத்துக்கு வச்ச பேரையே அது அட்ரஸா எடுத்துக்கிட்டு ரிசால்வ் பண்ண போகும்.

எனக்கு ரொம்ப தொல்லையா தோணுறது எப்பவாவது மட்டும் ஃபெயில் ஆகற கேஸ்தான், முழுசா செத்துப் போனதை கண்டுபிடிக்கறது சுலபம். லினக்ஸ்ல ரிசால்வ் டாட் கான்ஃப்ல மூணு டிஎன்எஸ் சர்வர் வரைக்கும் எடுத்துக்கும், எப்பவும் முதல் சர்வர்லேர்ந்துதான் ஆரம்பிக்கும், பதில் வரலைன்னா 5 செகண்ட் காத்திருந்துட்டுத்தான் ரெண்டாவதுகிட்ட போகும். இப்ப முதல் சர்வர் செத்துப் போச்சுன்னு வைங்க, நீங்க பிரவுசர்ல பாத்தா கொஞ்சம் மந்தமா இருக்கு, ஆனா வேலை செய்யுதுன்னு தோணும். டூலுக்கு அப்படி இல்ல, ஜாபிக்ஸ்ல ஒரு செக்குக்கு பொதுவா 3 செகண்ட்தான் டைம்அவுட், ரெண்டாவது சர்வர்கிட்ட போறதுக்கு முன்னாடியே செக் செத்துடும். கேச், அதாவது வந்த பதிலை கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சுக்கற இடம், இருந்தா அதுல பேர் இருக்கற வரைக்கும் பச்சை, அது காலாவதி ஆனதும் சிவப்பு, திரும்ப பச்சை. கிராஃப்ல இப்படி பல்லு பல்லா தெரிஞ்சா, ரிசால்வ் டாட் கான்ஃப்ல இருக்கற ஒவ்வொரு சர்வர்கிட்டயும் தனித்தனியா டிக்ல அட் (@) போட்டு அதோட ஐபியைக் குடுத்து கேளுங்க. ஒரு சர்வர் உள் டிஎன்எஸ், இன்னொண்ணு பப்ளிக் டிஎன்எஸ்னு கலந்து வைக்கறதும் இதே மாதிரி ஆட்டம் காட்டும், உள் சர்வர் ஒரு தடவை பதில் சொல்ல தாமதமானா கேள்வி வெளிய போயிடும், அங்க பேர் இல்லன்னு சொல்லிடும், சிஸ்டம் அந்த பதிலை நம்பிடும். ஆல்பைன்ங்கற சின்ன லினக்ஸ் இமேஜ்ல ஓடற கன்டெய்னர்னா இன்னும் மோசம், அதுல இருக்கற மஸ்ல் லைப்ரரி எல்லா சர்வரையும் ஒரே நேரத்துல கேட்டு முதல்ல வர்ற பதிலை எடுத்துக்கும்.

கேச் பத்தி ஒரு வார்த்தை. ரெக்கார்டை திருத்திட்டீங்க, ஆனா டூல் இன்னும் பழைய ஐபிக்கே போகுது, இல்லைன்னா பேர் இல்லன்னே சொல்லுது. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் டிடிஎல்னு ஒரு ஆயுள் உண்டு, அது முடியற வரைக்கும் நடுவுல இருக்கறவங்க பழசையே குடுப்பாங்க, இல்லங்கற பதிலையும் கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சுக்குவாங்க. டூலே ஒரு கேச் வச்சிருக்கலாம். டிஎன்எஸ் சர்வரோட ஐபியை மாத்தினா பழைய சிஸ்டம்ல டூலை ரீஸ்டார்ட் பண்ணியே ஆகணும், ஏன்னா ஓடிக்கிட்டு இருக்கற ப்ராசஸ் ரிசால்வ் டாட் கான்ஃப்பை ஆரம்பத்துல ஒரே தடவை படிச்சதோட சரி, லினக்ஸோட சி லைப்ரரியான ஜிலிப்சியோட 2.26 பதிப்புல, அதாவது 2017லேர்ந்துதான் ஃபைல் மாறினா தானா திரும்ப படிக்க ஆரம்பிச்சுது.

இவ்ளோ பாத்தும் புரியலைன்னா கண்ணால பாத்துடுங்க. டூல் சர்வர்ல டிசிபிடம்ப்பை போர்ட் 53க்கு வச்சுட்டு டூல்ல ஒரு செக்கை ஓட விடுங்க, எந்த பேரை எந்த சர்வர்கிட்ட கேட்டுச்சு, என்ன பதில் வந்துச்சுன்னு அப்படியே தெரியும். இன்டர்ஃபேஸ்ல எனி (any)ன்னு குடுங்க, ஏன்னா சிஸ்டம்டி ரிசால்வ்டுங்கற சர்வீஸ் இருக்கற மெஷின்ல கேள்வி முதல்ல 127.0.0.53க்குத்தான் போகும், அது லூப்பேக்ல, அதாவது மெஷினுக்குள்ளயே, நடக்கறது, நெட்வொர்க் கார்டை மட்டும் பாத்தா தெரியாது. பேரோட கடைசில தெரியாம ஒட்டின ஒரு ஸ்பேஸ், ரெண்டு தடவை ஒட்டின டொமைன், இதெல்லாம் எனக்கு இப்படித்தான் மாட்டியிருக்கு. ஒரு கேள்விகூட போகவே இல்லைன்னா, ஹோஸ்ட்ஸ் ஃபைலோ கேச்சோ பதில் சொல்லிடுது, இல்லைன்னா டூல்ல பேர் தேடறதே ஆஃப்ல இருக்கு.

அப்ப பேசாம எல்லாத்துக்கும் ஐபியே குடுத்துடலாமேன்னு கேப்பீங்க. ரவுட்டர், ஸ்விட்ச், முக்கியமா டிஎன்எஸ் சர்வர், இதுக்கெல்லாம் ஐபிதான் குடுக்கணும்னு நான் உறுதியா சொல்வேன், ஏன்னா டிஎன்எஸ் விழுந்த நாள்ல பேர் வச்சு சேர்த்த எல்லா மெஷினும் ஒரே நேரத்துல டவுன்னு காட்டும், எல்லா போனும் ஒண்ணா அலறும், உண்மையில விழுந்தது ஒரே ஒரு மெஷின்தான்னு தெரிய நேரமாகும். கிளவுட்ல அடிக்கடி ஐபி மாறற மெஷின்னா பேர்தான் சரி, வேற வழியும் இல்ல. அந்த பேர்களுக்காக டூல் சர்வர்லயே அன்பவுண்ட், டிஎன்எஸ்மாஸ்க் மாதிரி ஒரு டிஎன்எஸ் சர்வரை போட்டு ஒரு கேச் வச்சுக்கோங்க, பாரமும் குறையும், சின்ன தடங்கலையும் தாங்கும். கூடவே ஒவ்வொரு டிஎன்எஸ் சர்வருக்கும் ஐபி குடுத்து, ஒரு தெரிஞ்ச பேரை கேட்டு சரியான ஐபி வருதான்னு பாக்கற செக் ஒண்ணு தனியா போடுங்க, பேர் வச்சு சேர்த்த ஹோஸ்ட்டோட அலர்ட் எல்லாத்துக்கும் அந்த செக்கை டிபெண்டன்சியா கட்டி விடுங்க, டிஎன்எஸ் விழுந்தா டிஎன்எஸ் விழுந்துச்சுன்னு ஒரே ஒரு அலர்ட் வரும்.